மேவிஸ் கார்பட்டின் மூன்று வாக்கியங்கள்

மேவிஸ் கார்பட் எழுதிய மனு மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தபோதும் அதில் ஒரு சொல்லைக்கூட யாரும் அடித்திருக்கவில்லை. அதுதான் அவளைக் கலங்கடித்தது. தப்பு என்று சொல்லியிருந்தால் திருத்தியிருப்பாள். தாளின் ஓரத்தில் மூன்று கட்டங்கள் மட்டும் இருந்தன. பச்சை, ரோஜா, மஞ்சள். மூன்றிலும் பூஜ்ஜியம்.

மனு இவ்வளவுதான்:

"பட்டாணி லாரிகள் நிற்பதில்லை. பிள்ளைகள் சின்னவர்கள். நான் நடுவில் போய் நின்றால் லாரி நிற்கிறது."

சமையலறை மேசையில் வைத்து மறுபடி படித்துப் பார்த்தாள். எல்லாம் உண்மைதான். இங்கிலாந்தின் கடலோர ஊரான ஸ்கார்த்விக்கில் ஜூன் மாதம் பட்டாணி அறுவடை. பறித்த இரண்டரை மணி நேரத்துக்குள் உறைய வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தொழிற்சாலை வாங்காது. அதனால் ஜூனிலும் ஜூலையிலும் லாரிகள் பள்ளிக்கூடத்து வாசல் வழியாகப் பிசாசு துரத்துவதுபோலப் போகும். அந்த வாசலில் பதினான்கு வருடமாக மஞ்சள் கோட்டு மாட்டி, உச்சியில் வட்டப் பலகை வைத்த கம்பைப் பிடித்துக்கொண்டு மேவிஸ் பிள்ளைகளைக் கடத்தி விடுகிறாள். பலகையில் 'நில்' என்று எழுதியிருக்கும். கம்பைப் பார்த்தால் மிட்டாய்க் குச்சி மாதிரி இருப்பதால் பிள்ளைகளுக்கு அவள் லாலிபாப் அம்மா.

இந்த வருடம் நகரசபைக்கு ஒரு யோசனை உதித்தது. லாலிபாப் அம்மாக்கள் உண்மையிலேயே தேவையா? தேவை என்று நினைப்பவர்கள் காரணத்தை எழுதிப் பள்ளிக்கூடத்தின் மூலம் ஜூன் இருபதுக்குள் அனுப்ப வேண்டும். மனு வராத இடத்தில் ஆள் கிடையாது.

"என்ன, மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்றான் அவள் கணவன் வில்ஃப், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா. எனக்கு என்ன தோணுதுன்னா..."

"டீ போடலாம்னு தோணுது. போடு, போடு. எனக்கும் சேர்த்து."

வில்ஃப் கெட்டவன் இல்லை. முப்பத்தாறு வருடமாக மேவிஸின் வாக்கியங்களை அவன்தான் முடித்து வைக்கிறான், எப்போதும் வேறெங்கோ கொண்டுபோய். அவளுக்கும் அது பழகிவிட்டது. ஆனால் காலை எட்டரைக்கு அவள் சாலை நடுவில் இறங்கும்போது, இருபது டன் வண்டி மூச்சுவாங்கிக்கொண்டு அவளுக்காகக் காத்திருக்கும். அவள் ஒன்று சொல்ல, அது அப்படியே கேட்கப்படுகிற ஒரே இடம் அது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் யாராவது முடித்துவிடுவார்கள்.

மறுநாள் தலைமையாசிரியை திருமதி லார்வுட்டைப் போய்ப் பார்த்தாள்.

திருமதி லார்வுட்டின் மேசையில் மூன்று குடுவைகளில் மூன்று நிறப் பேனாக்கள் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த ஆய்வாளர்கள் இந்தப் பள்ளியின் எழுத்தில் பெயர்ச்சொல்லைச் சுற்றிக் கட்டுகிற பெயர்த்தொடர் மெலிந்திருப்பதாக எழுதிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து திருமதி லார்வுட்டுக்குச் சரியான தூக்கமில்லை. பள்ளியின் வாசலைத் தாண்டிப் போகிற எந்த எழுத்தும் நிறம் தீட்டி, எண்ணி, தரம் பார்த்த பிறகே போகும் என்று அவரே ஒரு விதி செய்துவிட்டார்.

"உட்காருங்க மேவிஸ். பதறாதீங்க. உங்க கருத்துல ஒரு குறையும் இல்ல. கருத்த நாங்க பாக்கறதே இல்ல."

"பாக்கறதில்லயா?"

"அதுக்குக் கட்டம் கிடையாதே." திருமதி லார்வுட் தாளை விரித்து வைத்தார். "இங்க பாருங்க. 'பட்டாணி லாரிகள்'. எப்படிப்பட்ட லாரிகள்? ஒரு பெயர்ச்சொல்ல இப்படி உடுப்பில்லாம தெருவுல விடலாமா?"

"லாரி தெருவுலதானேம்மா போகும்?"

தலைமையாசிரியை இதைக் காதில் வாங்கவில்லை. இந்த இடத்துக்கு வந்துவிட்டால் அவருடைய முகம் மலர்ந்துவிடும்.

"நம்ம இங்கிலீஷ்ல பெயர்ச்சொல்தான் எஞ்சின். முன்னால ரெண்டு அடைமொழி கட்டணும், அது பச்சை. பின்னால 'எது'ன்னு ஒரு கொக்கி இருக்கு. அந்தக் கொக்கில ஒரு துணை வாக்கியத்த மாட்டணும், அது ரோஜா. அதோட வால்ல 'விட'ன்னு இன்னொரு கொக்கி. அதுல ஒரு ஒப்பீடு, மஞ்சள். லாரி, எது சிவப்போ, எது நம்ம பிரார்த்தனைக் கூடத்தைவிட நீளமோ, எந்தக் கூடம் போன வருஷத்தைவிட அதிகமா ஒழுகுதோ... மாட்டிக்கிட்டே போகலாம், பெட்டி பெட்டியா."

"எங்க போய் நிக்கும்?"

"எதுக்கு நிக்கணும்? நின்னா மார்க் போச்சு!"

இது வெறும் பேச்சில்லை என்பதற்குப் பள்ளிக்கூடம் முழுக்கச் சாட்சி இருந்தது. சாப்பாட்டுக் கூடத்துப் பட்டியலில் 'மீன்' என்று இருந்த இடத்தில் 'பொன்னிறமாக வறுக்கப்பட்ட மீன், எது சென்ற வெள்ளிக்கிழமை மீனைவிட மொறுமொறுப்பானதோ அது' என்று இருந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகள் பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் இரண்டாவது மணி அடித்து, பாதிப்பேர் உருளைக்கிழங்கோடு எழுந்து போனார்கள். ஒரு தாய், 'ஓவனுக்கு வாந்தி, இன்று வரமாட்டான்' என்று எழுதிய சீட்டை அனுப்பியபோது மேம்படுத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கோபக்கார அம்மா. அவள் அதை அடைமொழி, துணை வாக்கியம், ஒப்பீடு எல்லாம் சேர்த்து முழுப் பக்கத்துக்கு மேம்படுத்தி அனுப்பினாள். உயர்தரம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அன்று ஆசிரியர்கள் யாரும் மதியம் சாப்பிடவில்லை.

"இருபதாம் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருக்கு," என்றார் திருமதி லார்வுட், கனிவோடு. "உங்களால முடியும் மேவிஸ். எங்க ஆறாம் வகுப்புப் பிள்ளைங்களே செய்யுதுங்க."

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்தான் கடைசியில் கைகொடுத்தார்கள். அவர்களில் டாம்சின் என்ற பத்து வயதுக்காரி, நடைபாதை ஓரத்தில் நின்றபடியே மனுவைப் படித்துவிட்டு, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினாள்.

"மிஸஸ் கார்பட், இது ரொம்பக் கஷ்டம். படிச்ச உடனே புரிஞ்சிருது."

"அது தப்பா கண்ணு?"

"தப்பில்ல. ஆனா எண்ணறதுக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க 'பளபளக்கிற' போடுங்க. எல்லாத்துக்கும் போடலாம். பளபளக்கிற லாரி, பளபளக்கிற ரோடு, பளபளக்கிற பிள்ளைங்க."

"உங்க மூக்கு மட்டுந்தான் பளபளக்குது, ஒழுகி ஒழுகி."

பிள்ளைகள் சிரித்தார்கள். டாம்சின் சிரிக்கவில்லை. வேலை என்றால் வேலை அவளுக்கு.

"எங்க நாய் செத்துப்போச்சுல்ல, அதப் பத்தி எழுதினேன். 'பளபளக்கிற மண்வெட்டி, எது எங்கப்பாவைவிட உயரமோ'ன்னு. எனக்கு உயர்தரம். ஸ்டாம்ப்கூட குத்திக் குடுத்தாங்க."

"நாயப் பத்தி என்ன எழுதின?"

"நல்ல நாய்னு எழுதினேன். அதுக்கு ஒண்ணும் கிடைக்கல. அடுத்த தடவ எடுத்துட்டேன்."

மேவிஸ் சாலையில் இறங்கிக் கைகளை விரித்தாள். பிள்ளைகள் கடந்துபோனார்கள். டாம்சின் போகிறபோது அவள் கோட்டை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனாள்.

அன்றும் அதற்கடுத்த இரண்டு நாட்களும் மேவிஸ் எழுதினாள். லாரிக்குப் பின்னால் 'எது' மாட்டினாள். அந்த 'எது'வுக்குப் பின்னால் தொழிற்சாலையை மாட்டி, தொழிற்சாலைக்குப் பின்னால் அது எதைவிடப் பெரியது என்று மாட்டினாள். எழுத எழுத ஒரு விசித்திரமான அமைதி வந்தது. எதையும் சொல்லாமலே பேசிக்கொண்டிருக்க முடிகிறது. ஆபத்து என்ற சொல்லை நாலாவது வரியில் வைத்திருந்தாள். ஒன்பதாவது வரி எழுதும்போது அதைத் தேடிப் பார்த்தாள், காணவில்லை. எந்தப் பெட்டிக்கு அடியில் விழுந்ததோ. இத்தனை வருடம் வில்ஃப் தன் பேச்சைக் கெடுத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, தானே இவ்வளவு அழகாகக் கெடுத்துக்கொள்ள முடியும் என்று அவளுக்குத் தெரியாது.

திருமதி லார்வுட் நிறம் தீட்டியபோது கண்கலங்கிவிட்டார். நாற்பத்தொரு துணை வாக்கியங்கள்.

நகரசபையில் மனுவை விசாரித்தவர் திரு. ப்ரூம். எழுத்துத் தரக் கண்காணிப்பாளர். மெலிந்த, மரியாதையான, முழங்கால் வரை மழைக்கோட்டு போட்ட மனிதர். ஒரு கண்ணாடி அளவுகோலைத் தாளின்மேல் வைத்து ஒவ்வொரு பெயர்த்தொடரையும் அளந்தார். மேவிஸ் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"திருமதி கார்பட், இருபத்திரண்டு வருஷமா இந்த வேலைல இருக்கேன். இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல," என்றார் கடைசியில். "இந்தத் தொடர் பதினேழு சென்டிமீட்டர்! இத வரவேற்பறைல மாட்டப் போறோம், கண்ணாடி போட்டு."

"ரொம்ப நன்றிங்க. அப்போ கிராஸிங் இருக்கும்ல?"

"எந்த கிராஸிங்?"

"மனுல இருக்கே."

திரு. ப்ரூம் தாளைத் திருப்பிப் பார்த்தார். முன்னும் பின்னும் பார்த்தார். "இருக்கலாம். நான் அந்தக் கோணத்துல படிக்கல. படிச்சா பாரபட்சம் வந்துரும் பாருங்க. ஒரு மனு என்ன கேக்குதுன்னு தெரிஞ்சுட்டா, அத நடுநிலையா மதிப்பிட முடியாது."

மேவிஸ் தன் மூன்று வாக்கியங்களையும் வாயால் சொன்னாள். வேறு வழி இல்லை. அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, கவலையோடு கோப்பு ஒன்றைத் திறந்தார். அதில் அவளுடைய கம்பின் படம் இருந்தது.

"இங்கதான் சிக்கல். உங்க மனு உயர்தரம். ஆனா உங்க பலகை? ஒரே சொல். பெயர்ச்சொல்கூட இல்ல. துணை வாக்கியம் இல்ல, ஒப்பீடு இல்ல. பள்ளிக்கூட வாசல்ல, பிள்ளைங்க கண்ணு முன்னால, தெனமும் ரெண்டு வேளை, தரத்துக்குக் கீழ இருக்கிற ஒரு எழுத்த நகரசபை தூக்கிப் பிடிக்கலாமா?"

"ஆனா அதப் பாத்ததும் நிக்கறாங்களே சார்."

"பாக்கறாங்க. படிக்கறாங்களா? அதான் கேள்வி."

முடிவு இப்படி ஆனது. புதிய பலகை ஒன்று தரப்படும். ஒரு வாரம் சோதனை. வியாழக்கிழமை திரு. ப்ரூம் நேரில் வந்து பார்ப்பார். பலகை வேலை செய்தால் மேவிஸும் இருப்பாள். இல்லாவிட்டால் அடுத்த பருவத்திலிருந்து சாலையைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய பலகை திங்கட்கிழமை வேனில் வந்தது. கிட்டத்தட்டக் கதவு அகலம். அதில் எழுதியிருந்தது:

"மதிப்புக்குரிய, விழிப்புள்ள ஓட்டுநர், எவர் இப்பலகையைக் காண்கிறாரோ, எவருடைய வாகனம் இங்கே கடக்கின்ற பிள்ளைகளைவிடப் பெரியதோ, எந்தப் பிள்ளைகள் அவ்வாகனத்தைவிட மெதுவாக நகர்கிறார்களோ, அவர் அவ்வாகனத்தை, வேறு தடையில்லாதபட்சத்தில், நிறுத்துவாராக."

முதலில் வந்தவன் டெஸ். பதினோரு வருடமாக அதே வழியில் பட்டாணி ஓட்டுகிறவன், மேவிஸுக்கு நல்ல பழக்கம். வழக்கமாக இருபது அடி தள்ளி நிறுத்தி, கையை ஆட்டுவான். அன்று வண்டியை உருட்டி உருட்டிக் கிட்டே கொண்டுவந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தலையை வெளியே நீட்டினான்.

"மேவிஸ் கண்ணு, என்ன இது, கல்யாணப் பத்திரிகையா?"

"டெஸ், நிறுத்து. வெள்ளக் கோட்டுமேல ஏறிட்ட."

"இரு, இரு, படிச்சிட்டு வர்றேன். 'எவருடைய வாகனம்...' அது நான். அடுத்தது பிள்ளைங்க... அவங்க வாகனத்தைவிட மெதுவா. சரி. 'வேறு தடையில்லாதபட்சத்தில்'. எனக்குத் தடை இருக்கே! பின்னால எட்டு டன் பட்டாணி, நாப்பது நிமிஷந்தான் பாக்கி."

"டெஸ், உன் மூஞ்சில அடிச்சிருவேன். பிரேக்க மிதி."

"மிதிச்சாச்சு கண்ணு, மிதிச்சாச்சு. ஆனா ஒண்ணு, நல்ல எழுத்து. எங்க ஆபீஸ்ல ஒரு கடிதம் வரும் பாரு..."

அவனுக்குப் பின்னால் நின்ற வண்டிகள் ஹார்ன் அடித்தன. அவற்றின் ஓட்டுநர்கள் பலகையின் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு, விபத்தோ, ஊர்வலமோ என்று இறங்கி வந்தார்கள். பத்து மணிக்கு வரிசை மாதா கோயிலைத் தாண்டியிருந்தது. அந்த வாரம் தொழிற்சாலை ஆறு லாரிப் பட்டாணியைத் திருப்பி அனுப்பியது.

திருமதி லார்வுட் ஜன்னலிலிருந்து எண்ணிக் குறித்துக்கொண்டார். மூன்று நாளும் வந்த வண்டிகளில் நூற்றுக்கு நூறு நின்றன. எங்கே நின்றன என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. வெள்ளைக் கோட்டின்மேல் நின்றன, கோட்டைத் தாண்டி நின்றன, ஒன்று மேவிஸின் பூட்ஸிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. எழுத்தைப் படிக்கக் கிட்டே வர வேண்டியிருந்தது, கிட்டே வந்தவர்கள் ரோட்டைப் பார்க்கவில்லை. மேவிஸ் பிள்ளைகளை நடைபாதையிலேயே பிடித்து வைத்து, எஞ்சின் அணைகிற சத்தம் கேட்ட பிறகுதான் விட்டாள். செவ்வாயும் புதனும் அவளுக்குக் கை நடுக்கம் சாயங்காலம் வரை நிற்கவில்லை. பலகை வேலை செய்யவில்லை என்று சொன்னால் வேலை போகும். வேலை போனால் இந்த லாரிகளுக்கு முன்னால் யாரும் இருக்கமாட்டார்கள். வேலை செய்கிறது என்று சொன்னால், என்றாவது ஒரு நாள் ஒரு பிள்ளை. அதற்கு மேல் அந்த எண்ணத்தை அவள் மனமே முடிக்க மறுத்தது.

வியாழக்கிழமை கடல் காற்று பலமாக இருந்தது. திரு. ப்ரூம் எட்டு இருபதுக்கே வந்துவிட்டார். பலகையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"கம்பீரமா இருக்கு! ஓட்டுநர் எவ்வளவு தூரத்துலேருந்து ரசிக்க முடியும்னு அளந்து பாத்துடுவோம்."

அளவு நாடாவின் ஒரு முனையை மேவிஸின் கையில் கொடுத்துவிட்டு, பலகையை உரக்கப் படித்துக்கொண்டே பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார். நடைபாதையிலிருந்து இறங்கினார். "மதிப்புக்குரிய, விழிப்புள்ள ஓட்டுநர்..." இன்னும் நாலு அடி. "எவர் இப்பலகையைக் காண்கிறாரோ..."

வளைவில் லாரி வந்தது. டெஸ் இல்லை. புதுப் பையன் ஓட்டினான். இந்த அதிசயப் பலகையைப் பற்றித் தொழிற்சாலையில் கேள்விப்பட்டிருந்தான்போல, உதடு அசைய அதையே படித்துக்கொண்டு வந்தான். அதற்கு முன்னால் ரோட்டில் ஒரு மழைக்கோட்டு நிற்பது அவன் கண்ணில் படவில்லை.

"சார், ஒரு லாரி..." என்று தொடங்கினாள் மேவிஸ்.

"எப்படிப்பட்ட லாரி?" என்றார் திரு. ப்ரூம், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேவிஸ் பலகையைக் கீழே போட்டாள். காற்று அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வேலிக்குப் போனது. அவள் ஓடினாள். அறுபத்தொரு வயதில் அவள் அப்படி ஓடுவாள் என்று அவள் முழங்கால்களுக்கே தெரியாது. இடது கையால் மழைக்கோட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வலது கையை லாரியின் முகத்துக்கு நேரே நீட்டி, "நில்லு!" என்று கத்தினாள். அது சத்தமாக வந்ததா, வரவில்லையா என்று பிறகு யோசித்தபோது அவளுக்கு நினைவில்லை. கையை மட்டும் நினைவிருந்தது. அது நடுங்கவில்லை.

லாரி நின்றது. அதன் சுமை நிற்கவில்லை. தார்ப்பாயை மீறிக்கொண்டு ஒரு பெரிய பச்சை அலை ஓட்டுநர் கூண்டின்மேல் எழும்பி, முன்கண்ணாடியின் மேல் சரிந்து, திரு. ப்ரூமின் முழங்கால் வரை நிறைந்தது. பட்டாணிகள் ரோடு முழுக்க உருண்டன.

அவரை நடைபாதை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. வாயைத் திறந்தார். பிள்ளைகள் எல்லாரும் காத்திருந்தார்கள்.

"டீ," என்றார் திரு. ப்ரூம்.

ஓடி வந்திருந்த திருமதி லார்வுட், பழக்கதோஷத்தில், "எப்படிப்பட்ட டீ?" என்று கேட்டுவிட்டார்.

மேவிஸ் தன் பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றி, அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்து அதைப் பிடிக்க வைத்தாள். அவர் குடித்தார். காலரிலிருந்து ஒரு பட்டாணி டீயில் விழுந்தது. அதையும் குடித்தார்.

"கால் நடுங்குது," என்றார்.

"தெரியும் சார்," என்றாள் மேவிஸ். அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இந்தப் பலகை வந்ததிலிருந்து தினமும் இரண்டு வேளை தனக்கு அப்படித்தான் இருக்கிறது என்று சொல்ல நினைத்தாள். பயந்த ஆளிடம் கணக்குத் தீர்ப்பது சரியில்லை என்று விட்டுவிட்டாள்.

நகரசபையின் முடிவு அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. பள்ளிக்கூடத்தின் மூலம்தான் வரவேண்டும் என்பதால் திருமதி லார்வுட்டின் அறையில் வைத்து மேவிஸ் அதைப் பிரித்தாள்.

"சென்ற வியாழக்கிழமை நகரசபை அலுவலர் ஒருவர் உயிராபத்துக்கு உள்ளானார். இதன்மூலம் இச்சாலை ஆபத்தானது என்பது முதன்முறையாக நிறுவப்பட்டுள்ளது. மேவிஸ் கார்பட் பணியில் தொடர்வார். பழைய பலகை போதும். எல். ப்ரூம்."

முதன்முறையாக. மேவிஸ் அந்தச் சொல்லை இரண்டு தடவை படித்தாள். பதினான்கு வருடம், இருநூறு பிள்ளைகள், ஒவ்வொரு ஜூனும், ஒவ்வொரு ஜூலையும். அது எதுவும் நிறுவவில்லை. ஒரு மழைக்கோட்டின் இரண்டு கால்கள் நிறுவிவிட்டன. சிரிப்பு வந்தது. கோபப்படலாமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். படலாம், ஆனால் இப்போது மணி மூன்று பத்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

திருமதி லார்வுட் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டுப் பச்சைப் பேனாவை எடுத்தார்.

"ரொம்ப சந்தோஷம் மேவிஸ். ஆனா இத அப்படியே கோப்புல வைக்க முடியாதே. 'சாலை'. என்ன சாலை? ரெண்டு அடைமொழி சேர்த்துத் தரச் சொல்லி அவங்களுக்கே திருப்பி அனுப்பிடறேன். ரெண்டு வாரத்துல வந்துரும்."

மேவிஸ் கடிதத்தை நாலாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தாள்.

"அது என்கிட்ட இருக்கட்டும்மா."

"மேவிஸ், விதின்னு ஒண்ணு..."

"அதுல இருக்கறது எனக்குப் புரிஞ்சிருச்சு. நீங்க அதத் தொடாதீங்க."

தன் வாக்கியத்தைத் தானே முடித்திருக்கிறோம் என்பது வாசலைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நடைபாதையில் பிள்ளைகள் நெரிசலாக நின்றார்கள். யாரும் தள்ளவில்லை, கத்தவில்லை. டாம்சின் முன்னால் நின்றாள். கடிதம் வந்த செய்தி அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"மிஸஸ் கார்பட், நீங்க போறீங்களா?"

சாலையில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. மேவிஸ் அதைப் பார்த்தாள், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"இருக்கேன்," என்றாள்.